படலைப் பூட்டு இறுகினால் வீட்டை இடிப்பீர்களா?

 

நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் கடைசியில் இருக்கிற ஆறு விசயங்களை மட்டும் வாசியுங்கள். மற்றவர்கள் முழுதாக வாசித்துவிட்டு என்னோடு சண்டை பிடியுங்கள், பரவாயில்லை.

"லப்டொப் ஓன் ஆகுது, ஆனா விண்டோஸ் வருதில்ல. கறுப்பா ஒரு திரை வந்து நிக்குது."

இந்த வசனத்தோடு உடுவிலில் இருந்தோ இணுவிலில் இருந்தோ ஒரு பிள்ளை ரிப்பெயர் கடைக்குப் போனால் அநேகமாகக் கிடைக்கிற பதில் ஒன்றுதான். "போர்மட் அடிக்கவேணும் தம்பி. பின்னேரம் வாங்கோ." பின்னேரம் போனால் லப்டொப் புதுசு போல எழும்பும். உள்ளே இருந்தது ஒன்றும் இராது. காசைக் கொடுத்து, நன்றியும் சொல்லிவிட்டு வருகிறோம்.

இதைத்தான் நான் எதிர்த்து எழுதுகிறேன். எழும்பாத கணினி செத்த கணினி அல்ல. பூட் ஆகாத கணினியில் அநேகமாக உங்கள் சாமான் எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கிறது. படலைப் பூட்டு இறுகிவிட்டது, அவ்வளவுதான். அதற்குப் போய் வீட்டை இடித்துவிட்டுப் புதுவீடு கட்டித் தருகிறேன் என்கிற ஆளை நாங்கள் கெட்டிக்காரன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று விளங்க, கணினி எப்படி எழும்புகிறது என்று பார்க்கவேண்டும். பயப்படாதீர்கள், ஒரு பந்திதான்.

பவர் பட்டனை அமத்தினதும் முதலில் எழும்புவது விண்டோஸ் இல்லை. மதர்போட்டில் பதிந்திருக்கிற யூஇஎப்ஐ என்ற சின்ன மென்பொருள். அந்தக் காலத்து பயோஸின் இடத்தில் இப்போது இருப்பது இதுதான். அதனிடம் ஒரு பட்டியல் இருக்கிறது: முதலில் எந்த டிஸ்க்கில் எந்தக் கோப்பைத் திறப்பது, அது இல்லாவிட்டால் அடுத்தது எது என்று. அந்தக் கோப்பு டிஸ்க்கின் ஒரு மூலையில் ஈஎப்ஐ பார்டிஷன் என்ற சிறு பகுதிக்குள் இருக்கும். விண்டோஸ் தானாகப் பிரிக்கும்போது அதற்கு வழக்கமாக ஒதுக்குவது 100 எம்பி. அதற்குள் இருக்கிற பூட் லோடர்தான் பிறகு விண்டோஸையோ லினக்ஸையோ கூப்பிட்டு எழுப்புகிறது. உங்கள் கலியாணப் படங்கள், பிள்ளையின் செயற்றிட்ட அறிக்கை, ஸ்கேன் பண்ணி வைத்த காணி உறுதி எல்லாம் வேறு பார்டிஷனில். 500 ஜிபி டிஸ்க்கில் 100 எம்பி என்றால் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. பிழை அந்த ஒரு பங்கில் இருக்க, மிச்சம் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பங்கையும் அழிப்பது என்ன வைத்தியம்?

இப்போது இதை எழுத ஒரு காரணம் உண்டு. 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு விண்டோஸ் 10 இற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 இற்கு டிபிஎம் 2.0 வேண்டும், அவர்கள் பட்டியலில் உள்ள புரொசெசர் வேண்டும். எங்கள் வீடுகளில் இருக்கிற பழைய லப்டொப்புகளில் கனக்க அதற்குள் அடங்காது. புதுசு வாங்க எல்லாரிடமும் காசு இல்லை. அதனால் படிக்கிற பிள்ளைகள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். உள்ளே இருக்கிற விண்டோஸைத் தொடாமல், வெளியே கொளுவுகிற ஹாட் டிஸ்க்கில் லினக்ஸைப் போட்டு, எழும்பும்போது எது வேண்டுமோ அதைத் தெரிவு செய்வது. நல்ல வழி. ஆனால் அதில் வருகிற பிரச்சினைகள் கடைக்குப் போகும்போதுதான் போர்மட் என்ற கோடாலி இறங்குகிறது. வெளி டிஸ்க்கோடு அதிகம் வருகிற மூன்று பிரச்சினைகளைப் பாருங்கள்.

முதலாவது, டிஸ்க்கைக் கழற்றினால் விண்டோஸும் வராது. கறுப்புத் திரையில் "கிரப்" என்ற சொல் மட்டும் நிற்கும். கிரப் என்பது லினக்ஸின் பூட் லோடர். நடந்தது இதுதான்: லினக்ஸை வெளி டிஸ்க்கில் போடும்போது உள் டிஸ்க்கும் கொளுவியே இருந்தது. உபுண்டு போன்றவற்றின் இன்ஸ்டோலர், வெளி டிஸ்க்கைத் தெரிவு செய்தாலும் பூட் கோப்பைக் கொண்டுபோய் உள் டிஸ்க்கின் ஈஎப்ஐ பார்டிஷனில் எழுதிவிடுவது பல வருடமாகத் தெரிந்த ஒரு குறை. அந்தக் கோப்பு ஒவ்வொரு முறையும் வெளி டிஸ்க்கைத் தேடும். டிஸ்க் இல்லை என்றால் முழித்துக்கொண்டு நிற்கும். விண்டோஸ் அப்படியே சுகமாக இருக்கிறது, அதைக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. மருந்து: ஓன் பண்ணும்போது பூட் மெனு விசையை அமத்துங்கள். கொம்பனியைப் பொறுத்து அது எஃப் 12, எஃப் 9 அல்லது எஸ்கேப் ஆக இருக்கும். வருகிற பட்டியலில் "விண்டோஸ் பூட் மனேஜர்" என்பதைத் தெரிவு செய்தால் விண்டோஸ் வந்துவிடும். பிறகு யூஇஎப்ஐ அமைப்புக்குள் போய் அதை முதலாவதாக வைத்தால் வேலை முடிந்தது. ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை இது.

இரண்டாவது, அதே டிஸ்க்கை வேறு கணினியில் கொளுவினால் லினக்ஸ் எழும்பாது. காரணம் முதலாவதன் மறுபக்கம். பூட் கோப்பு வீட்டு லப்டொப்பிலேயே தங்கிவிட்டது, டிஸ்க் மட்டும் பயணம் போயிருக்கிறது. வெளி டிஸ்க்கிற்கென்று சொந்தமாக ஒரு ஈஎப்ஐ பார்டிஷன் வேண்டும். எந்தக் கணினியும் கேட்காமலே தேடிப் பார்க்கிற பொதுவான பெயரில் பூட் கோப்பு அதற்குள் இருக்கவேண்டும். கிரப்பைப் பதியும்போது "ரிமூவபிள்" என்ற தெரிவைக் கொடுத்தால் அப்படித்தான் எழுதும். இதற்கும் ஒரு கோப்பும் அழியத் தேவையில்லை.

மூன்றாவது, டிஸ்க் பட்டியலிலேயே தெரியாது, அல்லது பாதியில் நின்றுவிடும். இதில் பாதிப்பேர் மென்பொருளைக் குறை சொல்வார்கள். முதலில் வயரைப் பாருங்கள். யூஎஸ்பி 2 துளை கொடுக்கிற மின்னோட்டம் 500 மில்லி அம்பியர், யூஎஸ்பி 3 கொடுப்பது 900. சுழல்கிற தட்டு உள்ள டிஸ்க், சுழலத் தொடங்கும்போது கூடக் கேட்கும். ஹப்பில் கொளுவினாலும், பழைய நீள வயரில் கொளுவினாலும் அது போதாமல் போகும். வேறு துளை, வேறு வயர், நேரடியாகக் கொளுவுதல், இந்த மூன்றையும் பார்த்த பிறகு மற்றக் கதையைக் கதைப்போம். இன்னொன்று: உள்ளே இருக்கிற லினக்ஸில், எழும்பும்போது வெளி டிஸ்க்கையும் திறக்கச் சொல்லி எழுதி வைத்திருந்தால், டிஸ்க் இல்லாத நாளில் ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு "எமர்ஜென்சி மோட்" என்று நின்றுவிடும். அந்த ஒரு வரியில் "நோபெயில்" என்ற சொல்லைச் சேர்த்தால் டிஸ்க் இல்லாவிட்டாலும் எழும்பும். ஒரு சொல்லுக்கு ஒரு போர்மட்டா?

"லினக்ஸ் போட்டதாலதான் பழுதாப் போச்சு" என்பது அடுத்த கதை. கடையிலும் சொல்கிறார்கள், பாடசாலைகளிலும் சொல்கிறார்கள். சரி, உலகம் முழுக்க நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

2024 ஓகஸ்ட் 13 அன்று மைக்ரோசொப்ட் மாதாந்தப் பாதுகாப்பு அப்டேட் ஒன்றை வெளியிட்டது. கிரப்பில் 2022 இல் பதிவான ஒரு ஓட்டையைத் தடுக்க, பழைய லினக்ஸ் பூட் லோடர்களை நம்பவேண்டாம் என்று கணினிக்குச் சொல்லுகிற அப்டேட். நோக்கம் நல்லது. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து உள்ள கணினிகளில் இது செயற்படாது என்று அவர்களே எழுதியிருந்தார்கள். ஆனால் செயற்பட்டது. பல நாடுகளில் இரண்டு முறைமையும் வைத்திருந்த ஆட்கள் அடுத்த நாள் லினக்ஸை எழுப்பப் போனால் "செக்யூரிட்டி பொலிசி வயலேஷன்" என்று சொல்லி நின்றது. இரட்டைப் பூட்டைக் கண்டுபிடிக்கும் சோதனை சில கணினிகளில் தவறிவிட்டது என்று கொம்பனி பிறகு ஒப்புக்கொண்டது. முழுதாகத் தீர்ந்தது என்று அவர்கள் சொன்னது 2025 மே மாத அப்டேட்டோடு. ஒன்பது மாதம்!

இதில் வெளி டிஸ்க் வைத்திருப்பவர்கள் கவனிக்கவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அந்த அப்டேட் எழுதியது லினக்ஸ் டிஸ்க்கில் அல்ல, மதர்போட்டின் நினைவகத்தில். ஆகவே உங்கள் டிஸ்க் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தாலும், அதில் இருப்பது பழைய லினக்ஸ் என்றால், வெளியே எடுத்துக் கொளுவுகிற அன்று அது எழும்பாது. பிள்ளை ஒன்றும் செய்யவில்லை. டிஸ்க்கிற்கு ஒன்றும் ஆகவில்லை. டிஸ்க்கைப் போர்மட் பண்ணி அதே பழைய லினக்ஸை மறுபடி போட்டாலும் எழும்பாது, ஏனென்றால் தடை இருப்பது வேறு இடத்தில்! மருந்து: செக்யூர் பூட்டைக் கொஞ்ச நேரம் நிறுத்தி, லினக்ஸுக்குள் போய், பதிந்திருக்கிற அந்தத் தடையை நீக்கி, ஒருமுறை மறுபடி லினக்ஸை எழுப்பி, லினக்ஸை அப்டேட் பண்ணி, செக்யூர் பூட்டைத் திரும்பப் போடுவது. இதை அறியாமல் "லினக்ஸ் கூடாது" என்று தீர்ப்புச் சொல்வது, விதானையார் பதிவைப் பிழையாக எழுதினதற்குக் குடும்பத்தையே குற்றம் சொல்வது போல.

இதே மாதிரி இன்னொரு வதந்திக்கும் தயாராக இருங்கள். செக்யூர் பூட்டுக்காக மைக்ரோசொப்ட் 2011 இல் உருவாக்கிய சான்றிதழ்கள் 2026 ஜூனில் இருந்து காலாவதியாகின்றன. அந்தத் திகதியோடு கணினிகள் நின்றுவிடாது, வழமை போல எழும்பும். புதிய சான்றிதழ் அப்டேட்டாக வரும். "திகதி முடிஞ்சுது, போர்மட் அடிக்கவேணும்" என்று யாராவது சொன்னால் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்தது. மகன் வெளி டிஸ்க்கில் லினக்ஸ் போட்டுப் படித்தான். கம்பஸ் தொடங்கியதும் டிஸ்க்கைக் கொண்டு போய்விட்டான். வீட்டு லப்டொப்பில் மேலே சொன்ன முதலாவது பிரச்சினை. தாய் ஒரு கடைக்குக் கொண்டு போனார். ஒரு விசையை அமத்தியிருந்தால் போதும். போர்மட் அடித்துக் கொடுத்தார்கள். காலமான தகப்பனின் படங்கள், மூன்று பரப்புக் காணியின் உறுதியை ஸ்கேன் பண்ணினது, பெண்பிள்ளையின் இரண்டு வருடக் குறிப்புகள், எல்லாம் போய்விட்டது. "ஏன் முதல்லயே கேக்கேல்ல?" என்று நான் கேட்டதற்கு அந்தத் தாய் சொன்னார்: "அவையளுக்குத் தெரியும்தானே எண்டு நினைச்சன்."

இது சின்ன விசயமா? நாங்கள் யார் என்று ஒருக்கா யோசித்துப் பாருங்கள். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் மணித்தியாலக் கணக்கில் வெளியேற்றப்பட்டபோது உறுதியும் பிறப்புச் சான்றிதழும் பள்ளிக்கூடச் சான்றிதழும் வீட்டிலேயே கிடந்தன. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 இல் அதே ஒக்டோபர் 30 அன்று, வலிகாமமே இரவோடிரவாகத் தென்மராட்சிக்கு நடந்தது. உடுவில் சனமும் அந்த வழியில்தான் போனது. கடதாசி ஒன்று இல்லாமல் போனால் பிறகு எத்தனை கந்தோர் வாசலில் நிற்கவேண்டும் என்று இந்த ஊரில் யாருக்கும் நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதனால்தான் எங்கள் ஆட்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி வைத்தார்கள். அன்று எங்களைக் கேட்காமல் நடந்தது. இன்று காசு கொடுத்து நாங்களே அழிப்பிக்கிறோம்.

கடைக்காரர்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஒரு நாளைக்குப் பல கணினி. ஒவ்வொருவரும் "கெதியாத் தாங்கோ" என்று நிற்கிறார்கள். பிழை தேடுவதற்குக் கூலி கேட்டால் "ஒண்டும் செய்யேல்ல, ஒரு பட்டனைத்தானே அமத்தினீங்கள்" என்று சண்டை பிடிக்கிறோம். போர்மட்டுக்குக் கேட்டால் வாய் திறக்காமல் கொடுக்கிறோம். அறிவுக்குக் காசு தராத சனத்திற்கு அறிவான வேலை கிடைக்காது. அது எங்கள் பக்கக் குறை. ஆனால் கேட்காமல் அழிக்கிறது எந்த அவசரத்திலும் நியாயமாகாது. வைத்தியர் கூட ஒப்பரேசனுக்கு முதல் கையெழுத்து வாங்குகிறார்.

லினக்ஸ் தெரிந்த தம்பிமாருக்கும் ஒரு சொல். மற்றவரின் லப்டொப்பில் போட்டுக் கொடுத்துவிட்டு, பிறகு கேட்டால் "கூகிளில் தேடுங்கோ" என்று சொல்கிறீர்களே, அதுவும் அதே குற்றம்தான். வெளி டிஸ்க்கில் போடும்போது உள் டிஸ்க்கைக் கழற்றிவிட்டோ, யூஇஎப்ஐயில் நிறுத்திவிட்டோ போடுங்கள். முதலாவது பிரச்சினையும் இரண்டாவது பிரச்சினையும் அடியோடு இல்லாமல் போகும். பத்து நிமிட வேலை. சோம்பல் உங்களுடையது, இழப்பு அந்தத் தாயினுடையது.

கடைசியாக எங்கள் கூட்டம், ஆசிரியர்கள். சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பாடம் இருக்கிறது. உயர்தரத்தில் பாடமாகவும் இருக்கிறது, அதற்கு மேல் பொதுத் தகவல் தொழினுட்பப் பரீட்சையும் இருக்கிறது. பணிசெயல் முறைமை என்றால் என்ன என்று எழுதி முழுப் புள்ளி எடுக்கிற பிள்ளைக்கு, அந்த முறைமை எழும்பாவிட்டால் எந்த விசையை அமத்துவது என்று தெரியாது. நான் படித்த ஆசிரியர் கலாசாலையிலும் சிலைட் செய்யப் பழக்கினார்கள், நின்றுபோன கணினியை எழுப்பப் பழக்கவில்லை. செய்ய முடியாத காரியமும் இல்லை. தமிழ்நாட்டில் 2011 இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸும் பொஸ் லினக்ஸும் சேர்ந்தே பிள்ளைகளின் கைக்குப் போயின. கேரளத்தில் 2001 இல் "ஐடி அட் ஸ்கூல்" என்று தொடங்கி, 2017 இல் "கைட்" என்ற அரச கம்பனியாக மாறிய திட்டம், அரச பாடசாலைகளைக் கட்டற்ற மென்பொருளில் நடத்துகிறது. அங்கே பயிற்சி கொடுத்தது ஆசிரியர்களுக்கு. தமிழும் மலையாளமும் பேசுகிற ஆசிரியரால் முடிந்தது யாழ்ப்பாணத்து ஆசிரியரால் முடியாதா? ஒரு தவணையில் ஒரே ஒரு பாடவேளை போதும்.

ஆகவே என் ஆறு விசயங்கள்:

1. பதறவேண்டாம். வெளி டிஸ்க், பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஓன் பண்ணிப் பாருங்கள். வராவிட்டால் பூட் மெனுவைத் திறந்து விண்டோஸ் பூட் மனேஜரைத் தெரிவு செய்யுங்கள்.

2. யூஇஎப்ஐ அமைப்பையோ செக்யூர் பூட்டையோ தொடுவதற்கு முதல் பிட்லொக்கர் சாவியை எடுத்து வையுங்கள். 48 இலக்கம். விண்டோஸ் 11 உள்ள பல லப்டொப்புகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். சாவி அநேகமாக உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும், போனிலேயே பார்க்கலாம். அது இல்லாமல் அமைப்பை மாற்றினால் விண்டோஸ் அந்த இலக்கத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கும்.

3. எது செய்வதற்கும் முதல் லினக்ஸ் உள்ள பென் டிரைவால் கணினியை எழுப்பி, தேவையான கோப்புகளை வேறு டிஸ்க்கிற்குப் பிரதி எடுங்கள். விண்டோஸ் எழும்பாவிட்டாலும் கோப்புகளைப் பார்க்கலாம். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் அதே 48 இலக்கம் தேவைப்படும். எதைக் குற்றம் சொல்கிறார்களோ அதுதான் காப்பாற்றவும் வருகிறது.

4. ஏற்கெனவே போர்மட் அடித்திருந்தால் அந்தக் கணினியைப் பாவிப்பதை உடனே நிறுத்துங்கள். சுழல்தட்டு டிஸ்க் என்றால், மேலே புதிதாக எழுதப்படாத கோப்புகளை டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் மீட்க வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டி என்றால் வாய்ப்பு மிகக் குறைவு.

5. உறுதி, சான்றிதழ், படங்கள் இரண்டு இடத்தில் இருக்கட்டும். ஒன்று கணினிக்கு வெளியே.

6. கடையில் கொடுக்கும்போது துண்டில் எழுதச் சொல்லுங்கள்: "உரிமையாளரைக் கேட்காமல் போர்மட் பண்ணக்கூடாது." எழுத மாட்டோம் என்கிற கடையில் கொடுக்காதீர்கள். பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தித் தருகிற கடைக்கு, அது ஐந்து நிமிட வேலையானாலும், கேட்ட கூலியைக் கொடுங்கள்.

கடை நடத்துகிற தம்பிமார் இதை வாசித்தால் கோபிக்கவேண்டாம். அந்த வசனத்தை நீங்களே பில் புத்தகத்தில் அச்சடித்து வைத்தால், உங்கள் கடைப் பெயரைப் போட்டு முதல் ஆளாக நானே பாராட்டி எழுதுகிறேன்.

பகிருங்கள். முக்கியமாக, வீட்டு லப்டொப்பைத் தனியாக வைத்துக்கொண்டு, பிள்ளைகள் தூரத்தில் படிக்கிற தாய்மாருக்கு வாசித்துக் காட்டுங்கள்.